பட்டறையில் பறை: ஆசிரியர் யார், அடி எவ்வூரது?

கடந்த சில ஆண்டுகளாகத் தமிழகக் கல்லூரிகளில் மரபிசைக் கருவிகளை மாணவர்க்குக் குழுவாகப் பயிற்றுவிக்கும் பட்டறைகள் பெருகியுள்ளன. அவற்றுள் பறைப் பட்டறையே மிகுதி. தமிழ்த்துறையோ நாட்டு நலப்பணித் திட்ட அலகோ ஏற்பாடு செய்ய, இரண்டு அல்லது மூன்று நாள்கள் பயிற்சி நடைபெறும். நிறைவு நாளில் மேடையில் ஓர் ஆட்டம், அனைவர்க்கும் சான்றிதழ். இம்முயற்சி தொடர வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் இப்பட்டறைகளின் ஆசிரியர் யார், அவர் கற்பிக்கும் அடி எவ்வூருக்கு உரியது என்னும் இரு வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. சங்க இலக்கியத் தோற்கருவிகளை ஆய்ந்துவரும் நிலையில், நான் வாழும் மங்கலம் வட்டாரத்தை முன்வைத்து இவ்வினாக்களைக் கேட்க விரும்புகிறேன்.

'பட்டறை' என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். கொங்கு நாட்டு வழக்கில் இச்சொல் இரும்புப் பட்டறையையும் நகைப் பட்டறையையும் குறிக்கும். அங்கே துருத்தி ஊதத் தொடங்கியவர் சம்மட்டி பிடிக்க ஆண்டுகள் சில ஆகும். திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளிலும் கற்றல் இவ்வாறே நிகழ்கிறது. கைமடியாகச் சேர்பவர் தையல் எந்திரத்தின் அருகில் நின்று துணியை எடுத்துக் கொடுப்பார், மடித்து அடுக்குவார், உணவு இடைவேளையில் எந்திரத்தில் அமர்ந்து பழகுவார், ஒருநாள் தாமே டெய்லர் ஆவார். அவருக்கு எவரும் வகுப்பெடுத்ததில்லை. கல்விப்புலம் ஆங்கிலச் சொல்லுக்கு நிகராகப் 'பட்டறை'யை எடுத்துக்கொண்டபோது சொல் வந்து சேர்ந்தது. அதனுள் இருந்த காலம் வந்து சேரவில்லை.

இசைப் பயிற்சிக்குரிய காலத்தை நம் இலக்கியங்கள் அறிந்தே இருந்தன. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மாதவி ஏழாண்டுகள் பயின்று பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறுகிறாள். அவளுக்கு ஆடலாசிரியன், இசையாசிரியன், இயற்புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒவ்வொருவர்க்கும் உரிய இலக்கணத்தை இளங்கோவடிகள் தனித்தனியே வகுக்கிறார். ஆசிரியர் யார் என்ற வினா அங்கே முதல் வினாவாக நிற்கிறது. விசயமங்கலத்தோடு தொடர்புபடுத்தப்படும் நம் கொங்குவேளிரின் பெருங்கதையில் உதயணன் வாசவதத்தைக்கு யாழ் கற்பிப்பது ஓராசிரியர், ஒரு மாணவி என்னும் முறையில் அமைகிறது.

பறை கற்கும் முறை இவ்விரண்டினும் வேறானது. அது இயல்பிலேயே குழுக்கருவி. குழுவோடு நடந்துசெல்லும் சிறுவன் முதலில் கருவியைச் சுமப்பான்; தீ மூட்டிக் காய்ச்சுவான்; பெரியவர் களைத்து ஓரமாக அமரும்போது அவர் இடத்தில் நின்று அடிப்பான்; தவறினால் பக்கத்தில் நிற்பவரின் குச்சி அவனுக்கு வழிகாட்டும். ஆகவே, குழுவாகக் கற்பித்தலைப் பறைக்குப் புறம்பானதென எவரும் குறைகூற முடியாது. பட்டறையில் விடுபடுவது கருவி ஒலிக்கும் சூழல்: பூச்சாட்டும் கம்பமும், ஊர்வலமும் இழவும்.

பட்டறைகளால் விளைந்த நன்மை பெரிது. திண்டுக்கல் சக்தி நாட்டுப்புறக் கலை மையம் தலித் இளம்பெண்களைக் கொண்டே பறையாட்டக் குழுவை உருவாக்கியது. ஆண்கள் மட்டுமே தொட்ட கருவி பெண்ணின் கைக்கு வந்தது அத்தகைய பயிற்சிகளால்தான். மரபான கற்றல் முறை அதனை ஒருபோதும் அனுமதித்திராது. சென்னையில் மணிமாறனும் மகிழினியும் நடத்தும் புத்தர் கலைக்குழு, கோவையில் நிமிர்வு கலையகம் ஆகியவை சாதி எல்லை கடந்து பலருக்கும் பறை கற்பித்துள்ளன. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது, இழிவெனச் சுட்டப்பட்ட ஒரு கருவியின் ஆசிரியரை அரசு ஆசானாக ஏற்றது. புலம்பெயர்ந்த தமிழர் விழாக்களிலும் இன்று பறை ஒலிக்கிறது. இவையெல்லாம் இக்கருவியின் மீதிருந்த இழிவை மேடையிலேனும் குறைத்துள்ளன. 'டண்டணக்கா' என்று திரைப்படங்கள் நகைச்சுவைக்குப் பயன்படுத்திய ஒலிக்குறிப்பை, கல்லூரி மாணவியொருவர் பாடமாகச் சொல்லிச்சொல்லி அடித்துப் பழகுவதை எளிய மாற்றமெனக் கொள்ள இயலாது.

இனி மங்கலத்துக்கு வருவோம். நொய்யலாற்றங்கரையில், பனியன் தொழிலும் விசைத்தறியும் கலந்த ஊர் இது. மங்கலம் தொடங்கிச் சாமளாபுரம், சோமனூர், பல்லடம் வரை தறிச்சத்தம் ஓயாத நிலப்பகுதி. மாரியம்மன் கோயில்களில் பூச்சாட்டி, கம்பம் நட்டு, இரவுதோறும் கம்பத்தைச் சுற்றி ஆடும் வழக்கம் இன்றும் உயிரோடிருக்கிறது. அந்த ஆட்டத்தை நடத்துவது தப்பட்டை. ஜமாப், உருமி, பம்பை, திடும் எனக் கொங்கு நாட்டுக்கெனத் தனித்த தோற்கருவித் தொகுதி ஒன்று உண்டு. இவற்றைத் தலைமுறையாக இசைத்துவருவோரில் அருந்ததியர் மிகுதி. சாமியழைப்புக்கு ஓரடி, ஆட்டத்துக்கு ஓரடி, இழவு வீட்டுக்கு வேறடி என அடியின் வகை நிகழ்வைப் பொறுத்து மாறும்.

இவ்வட்டாரக் கல்லூரி ஒன்றில் நடந்த பறைப் பட்டறையை இரண்டு நாள்களும் உடனிருந்து கண்டேன். பயிற்றுநர்கள் திறமையானவர்கள், பிற மாவட்டத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் கற்பித்தவை தென்மாவட்ட மேடைகளில் பழகிய அடிகள். கல்லூரியிலிருந்து நடந்தே செல்லும் தொலைவில் தப்பட்டைக் குழு ஒன்று வாழ்கிறது, அக்குழுவுக்கு அழைப்பில்லை. நிறைவு நாளில் பார்வையாளராக வந்த அக்குழுவின் முதியவர் ஒருவர், மாணவரின் கருவியைக் கையில் வாங்கித் தட்டிப்பார்த்து, "தப்பட்டைக்குச் சூடு பத்தலீங்க" என்றார். மாணவர் பணிவோடுதான் மறுமொழி சொன்னார்: "ஐயா, இது தப்பட்டை இல்லீங்க, பறை." முதியவர் சிரித்துக்கொண்டே கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

'பறை' என்னும் பெயரை மீட்டெடுத்ததில் அரை நூற்றாண்டுக் கால அரசியல் உழைப்பு உண்டு. அதனை நான் மதிக்கிறேன். ஆனால் வாழ்நாள் முழுதும் அக்கருவியோடு வாழ்ந்தவரை இரண்டு நாள் பயின்றவர் திருத்தும்போது, மீட்பு யாருக்காக நிகழ்ந்தது என்ற ஐயம் எழுகிறது. மேலும், 'தப்பட்டை' என்பது வட்டார வழக்காறு. வழக்காற்றைத் தொகுக்கவேண்டிய தமிழ்த்துறையின் அரங்கிலேயே அது பிழையென நீக்கப்படுகிறது.

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. கொரியாவில் 1978இல் கிம் தொக்சு முதலான இளங்கலைஞர்கள் உழவர்களின் ஊர்வல இசையான நொங்அக்கிலிருந்து நான்கு கருவிகளைத் தெரிந்தெடுத்துச் சியோல் நகரின் சிறிய அரங்கொன்றில் 'சாமுல்நோரி'யாக அரங்கேற்றினர். ஊர்வலத்தில் நடந்தும் ஆடியும் இசைத்ததை அமர்ந்து இசைப்பதாக மாற்றினர். பின்னர் அது பட்டறைகள் வழியாகக் கொரியப் பள்ளிகளுக்கும் அயல்நாடுகளுக்கும் பரவியது. மேடைக்கேற்ப ஊரிசை சுருக்கப்பட்டதெனக் கொரிய அறிஞர்களிடையே எழுந்த விமரிசனம் நமக்கும் பொருந்தும். எனினும் அவர்களிடம் கற்கவேண்டிய ஒன்று உண்டு. அவர்தம் தொகுப்பில் இடம்பெறும் உருப்படிகள் யொங்நாம், ஹோநாம், உத்தாரி என அவ்வத் தாளங்கள் வழங்கும் வட்டாரத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. அமெரிக்காவில் பட்டறைக்குச் சென்று கற்கும் மாணவருக்கும் தாம் அடிப்பது கொரியாவின் எந்த மூலைக்குரியது என்பது தலைப்பிலேயே தெரிந்துவிடும். நம் பட்டறைகளில் 'முதலாம் அடி', 'இரண்டாம் அடி' என எண்ணே பெயராகிவிடுகிறது. சப்பரத்தடி, சாமிச்சாட்டு அடி, மருளடி, வாழ்த்தடி எனக் கலைஞர் வழங்கும் பெயர்கள் நிகழ்வைச் சுட்டுவன; ஊரைச் சுட்டும் பெயர்களையும் அவற்றோடு சேர்த்துக்கொள்ள நமக்கு என்ன தடை?

தமிழாய்வாளர் என்ற முறையில் எனக்கு இதில் தன்னலமும் உண்டு. 'சங்க இலக்கியத்தில் இசைக்கருவிகள்' என்ற தலைப்பில் நம் துறைகள் ஏற்ற ஆய்வேடுகள் பல. அவற்றின் பொதுப்போக்கு பெயர்களைப் பட்டியலிடுவது: தொல்காப்பியர் கருப்பொருளுள் பறையை வைத்தார், உரையாசிரியர்கள் குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை எனப் பகுத்தனர், மலைபடுகடாத்தில் கூத்தர் முழவு, ஆகுளி, பாண்டில், எல்லரி, பதலை முதலியவற்றைச் சுமந்து சென்றனர். பட்டியல் வளர்ந்த அளவுக்குப் பொருள் தெளிவுறவில்லை. கருவியைக் கையில் எடுத்த பிறகே எனக்குச் சில சொற்கள் விளங்கின.

ஓர் எடுத்துக்காட்டு. புறநானூற்றில் கிணைக்குத் 'தெண்கண்' என்னும் அடை பலமுறை வருகிறது. கண் என்பது தோல்முகம். தெண்மை தெளிந்த ஓசை என்பர். தோலின் தெளிவு நிலையானதன்று என்பதை இவ்வுரை சொல்வதில்லை. புளியங்கொட்டைப் பசையால் சட்டத்தில் ஒட்டிய தோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தளரும்; ஓசை மழுங்கும். வைக்கோல் தீயில் காய்ச்சினால் இறுகிக் கணீரென ஒலிக்கும். சற்று நேரத்தில் மீண்டும் தளரும். விடியலில், பனி இறங்கிய பொழுதில், புரவலன் வாயிலில் நின்று கிணை இசைப்பவனைப் புறப்பாடல்கள் காட்டுகின்றன. அந்நேரத்தில் 'தெண்கண்' என்பது அவன் உழைப்பால் சற்றுமுன் உண்டாக்கிய நிலை. அவன் எங்கோ தீக்காய்ந்துவிட்டு வந்திருக்கிறான். அடைமொழியை வெறும் மரபுத்தொடர் எனக் கடந்துசெல்வோர் இதனைக் கவனிப்பதில்லை. நெடுநல்வாடையில் கூதிர்க்காலக் குளிரால் நிலைதிரிந்த யாழ் நரம்பினை ஆடல் மகளிர் தம் உடல் வெம்மையால் இசைநிலைக்குக் கொணரும் காட்சியும் இவ்வகையில் மீண்டும் படிக்கத்தக்கது. கருவியும் பருவமும் தம்முள் கொண்ட உறவைப் புலவர் அறிந்திருந்தனர்.

இதனால்தான் செயற்கைத் தோல் பூட்டிய கருவிகளைப் பட்டறைக்கு வாங்குவதை நான் ஏற்பதில்லை. அவற்றைக் காய்ச்ச வேண்டியதில்லை, மழையில் நனையலாம், விலையும் குறைவு, கல்லூரி வளாகத்தில் தீ மூட்டும் தொல்லையும் இல்லை. எல்லாம் உண்மை. ஆனால் அம்முதியவர் "சூடு பத்தலீங்க" என்று சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்கு அக்கருவியில் பொருளே இராது.

அறிவுலகம் கருவிகளை எவ்வாறு தரம்பிரித்தது என்பதையும் இங்கு எண்ணிப்பார்க்க வேண்டும். கொங்கு நாட்டு நிரம்பையைச் சேர்ந்தவராகக் கருதப்படும் அடியார்க்குநல்லார், அரங்கேற்று காதை உரையில் தோற்கருவிகள் பலவற்றைத் தொகுத்து, அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு எனத் தொடங்கும் வகைப்பாட்டைத் தருகிறார். மத்தளம் முதலியன உத்தமம். தண்ணுமை முதலியன மத்திமம். கணப்பறை முதலியன அதமம். கருவிகளை ஆவணப்படுத்தியவகையில் அவ்வுரைக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். ஆனால் துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நால்வரையே குடிகள் என உயர்த்திச் சொன்ன மாங்குடி கிழாரின் புறப்பாட்டுக்கும் (335) இவ்வுரைக்கும் இடையில் கருவியின் மதிப்பு எவ்வளவு சரிந்துவிட்டது என்பதையும் அதே உரை காட்டிக்கொடுக்கிறது.

இத்தரப்பாடு உரையோடு நின்றுவிடவில்லை. 1960இல் மேன்டில் ஹூட் என்னும் அமெரிக்க இசையறிஞர், பிற பண்பாட்டு இசையை ஆய்பவர் அதனை இசைக்கவும் பயிலவேண்டும் என வாதிட்டு, 'இருவிசைத் திறன்' என்ற கருத்தை முன்வைத்தார். அவருடைய மாணவர்கள் லாஸ் ஏஞ்சலஸில் இந்தோனேசிய கமலான் கருவிகளைக் குழுவாகக் கற்றனர். அப்பத்தாண்டில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் 'உலக இசை'ப் படிப்பு உருவானபோது தமிழகத்திலிருந்து டி. ரங்கநாதன் மிருதங்கமும், பின்னர் அவருடைய சகோதரர் டி. விசுவநாதன் புல்லாங்குழலும் கற்பித்தனர். அவர்தம் பணி போற்றத்தக்கது. ஆனால் உலக வகுப்பறைக்குள் முதலில் நுழைந்தது அகமுழவே என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும். பறையை ஆசிரியரிடமிருந்து நேரில் கற்று, அதனை 'இசை' என நிறுவும் ஆவணப்படத்தை அமெரிக்க ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் வெளியிட்டது 2011இல். புறமுழவு அங்கே சென்றடைய அரை நூற்றாண்டு ஆயிற்று. நம் தமிழ்த்துறைப் பாடத்திட்டங்கள் பலவற்றில் அது செய்முறைத் தாளாக இன்னும் நுழையவில்லை.

'உலக இசை' என்பது 1987இல் இலண்டன் இசைத்தட்டு நிறுவனங்கள் கூடி விற்பனைக்கெனச் சூட்டிக்கொண்ட பெயராகவும் ஆனது. மங்கலம் போன்ற ஊரில் அதற்கு வேறொரு பொருள் வாய்த்திருக்கிறது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர் தங்கும் வரிசை வீடுகளில் விடுமுறை மாலைகளில் டோலக்கின் ஒலி கேட்கிறது. அவர்களுடைய பிள்ளைகள் நம் அரசுப் பள்ளிகளில் தமிழ்வழி படிக்கிறார்கள். தப்பட்டையும் டோலக்கும் ஒரே வகுப்பறையில் அமரும் பட்டறையை எவரேனும் நடத்தினால் முதல் ஆளாகச் சென்று பார்ப்பேன். அது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

உள்ளூர்க் கலைஞரே ஆசிரியராக வேண்டும் என்று நான் சொல்லும்போது எழக்கூடிய எதிர்வாதம் வலுவானது. தப்படிப்பது விரும்பி ஏற்ற கலையாக மட்டும் இருந்ததில்லை. இழவு வீட்டில் அடித்தாக வேண்டும் என்பது சாதியின் கட்டளை. அதற்கெதிராகக் கருவியை ஒதுக்கிவைத்த ஊர்கள் தமிழகத்தில் பல. அருந்ததியர் குடியிருப்பு இளைஞர் பலர் தந்தையின் கருவியைத் தொடாமல் பனியன் கம்பெனிக்குச் செல்வதும் விடுதலையின் ஒரு வடிவமே. அவர்களிடம் சென்று "இது உங்கள் மரபு, விட்டுவிடாதீர்கள்" என்று பேச எந்தத் தமிழ்த்துறைக்கும் தகுதியில்லை. கல்லூரி மாணவர் விரும்பினால் பறையை எடுக்கலாம், சலித்தால் வைத்துவிடலாம். தப்பட்டைக் கலைஞரின் மகனுக்கு இவ்விரண்டும் எளிதாக வாய்த்ததில்லை.

இவ்வெதிர்வாதத்தை முழுமையாக ஏற்றுக்கொண்டே என் கருத்தைச் சொல்கிறேன். கலைஞரைக் குலத்தொழிலாளியாக அழைப்பதும் ஆசிரியராக அழைப்பதும் வெவ்வேறு செயல்கள். ஆசிரியருக்கு நாற்காலி உண்டு, மதிப்பூதியம் உண்டு, பாடம் எதுவென முடிவுசெய்யும் உரிமை உண்டு, மறுக்கும் உரிமையும் உண்டு. இழவு அடியைக் கற்பிக்க மாட்டேன் என்று அவர் சொன்னால் அது பாடத்திட்டத்தில் இராது. அயலூர்ப் பயிற்றுநருக்கு வழங்கும் அதே தொகை, அதே விடுதி, அதே மேடை வரிசை அவருக்கும் வேண்டும். இதற்குத் தகுதிச் சான்று தடையெனச் சொல்வதும் இனிப் பொருந்தாது: பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட நடைமுறைப் பேராசிரியர் வழிகாட்டு நெறிகள், துறையில் நீண்ட பட்டறிவுடையோர்க்கு முறையான கல்வித்தகுதி இன்றியமையாததன்று எனத் தெளிவாகச் சொல்கின்றன. அந்நெறி எதிர்பார்க்கும் பதினைந்தாண்டுப் பட்டறிவைக் கம்பத்தடியில் நிற்கும் எந்த மூத்த கலைஞரும் தம் முப்பதாவது வயதிலேயே கடந்திருப்பார்.

அயலூர்ப் பயிற்றுநர்களை விலக்க வேண்டும் என்பது என் கோரிக்கையன்று. அலங்காநல்லூர் அடியும் மங்கலத்து அடியும் ஒரே மேடையில் அடுத்தடுத்து ஒலித்தால் மாணவருக்கு வேறுபாடு செவிவழியே புலப்படும். வட்டார வழக்கு என்னும் கருத்தை எந்தப் பாடநூலைக் காட்டிலும் விரைவாக அவர் உணர்வார். ஒவ்வோர் அடியும் கலைஞர் வாயால் சொல்லும் சொற்கட்டோடு, ஊர்ப்பெயரும் கற்பித்தவர் பெயரும் அவர் இசைவுடன் சேர்த்துப் பதிவு செய்யப்பட வேண்டும். சுவடிக்குப் படியெடுத்தவர் பெயரையும் ஊரையும் குறித்துவைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. அதே ஒழுங்கு இங்கும் போதும்.

நடைமுறையில் எனக்குத் தோன்றும் பெருந்தடை பணமோ விதியோ அல்ல, நாள்காட்டி. எங்கள் பகுதியில் பூச்சாட்டும் கம்பமும் பெரும்பாலும் பங்குனி, சித்திரை மாதங்களில் வருகின்றன. கல்லூரிகளில் அது பருவத்தேர்வுக் காலம். ஆகவே பட்டறைகள் தை, மாசியில் முடிந்துவிடுகின்றன. மாணவர் கற்ற அடி எங்கே எதற்காக ஒலிக்கிறது என்பதைக் காணாமலே தேர்வுக்குச் செல்கிறார். உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணின் ஒரு பகுதியைக் கம்பத்து இரவுகளில் கலைஞர்களோடு உடனிருந்து எழுதும் களக்குறிப்புக்கு ஒதுக்கி, அதனைத் தேர்வுக்குப் பின் ஒப்படைக்கலாம் எனப் பாடத்திட்டக் குழு முடிவெடுத்தால் போதும். கம்பத்து ஆட்டம் இரவில்தான் தொடங்குகிறது. பகலில் தேர்வெழுதுவோர்க்கும் அங்கே நிற்க இடமுண்டு.